வெள்ளிக்கிழமைப் பின்னல்

அந்த வருஷம் மூன்றாம் மாடிப் பெண்கள் ஒன்பது பேரின் தலைமுடி ஒரே பின்னலாகிப் போனதற்கு எல்லோரும் முதலில் கரண்டைத் திட்டினார்கள், பிறகு ஷாம்பூவைத் திட்டினார்கள், ஷாம்பூ சலித்ததும் அந்தப் பெண்களையே திட்டினார்கள், ஆனால் வருஷம் முடிகிறவரை ஒரு சொல் திட்டு வாங்காத மனிதர்களும் இருந்தார்கள், அவர்கள் அந்த ஒன்பது பேரில் இளையவளான இசக்கியின் அப்பாவும் அந்த அப்பா வாக்குக் கொடுத்திருந்த அவருடைய அக்காவும். திட்டு எப்போதும் தலைமுடி நீளமாக இருக்கிற பக்கமாகத்தான் போகும் என்பது சந்தனமாரியின் கட்சி, அதை அவள் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வாள்.

சந்தனமாரி இரண்டாம் வருஷம், வரலாறு. மெஸ்ஸில் சாம்பார் தண்ணீராக இருந்தால் மற்றவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், மாரி கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நியாயம் கேட்பாள். அதனால் மாடியில் அவளுக்கு வக்கீலு என்று பேர். விடுதி, தீப்பெட்டி ஆபீசுகளுக்கும் பைபாஸ் ரோட்டுக்கும் நடுவில் கரிசல் வெளியில் தனியாக நின்றது. அதன் மூன்றாம் மாடியிலிருந்து மொட்டை மாடிக்கு ஏறும் படிக்கட்டின் உச்சியில் ஒரு கதவு எப்போதும் பூட்டிக் கிடந்தது; பெண்பிள்ளைகள் மொட்டை மாடியில் நின்றால் ஊர் பார்க்குமாம், ஊரைப் பூட்ட முடியாததால் கதவைப் பூட்டியிருந்தார்கள். எங்கேயும் கொண்டுபோய் விடாத அந்தப் படிக்கட்டில்தான் மூன்றாம் மாடிப் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் தலைக்குக் குளித்துவிட்டு, படிக்கு ஒருத்தியாக, மூத்தவள் மேலே இளையவள் கீழே என்று உட்கார்ந்து, ஒவ்வொருத்தியும் தனக்குக் கீழே இருப்பவளுக்குத் தலை பின்னிவிடுவார்கள். வருஷத்தின் முதல் வெள்ளிக்கிழமை யார் கை உன் தலையில் விழுகிறதோ அவள்தான் நீ கல்லூரியை விட்டுப் போகிறவரை உனக்கு அக்கா. நோட்ஸ் கொடுப்பது, வயிற்றுவலிக்கு வெந்நீர் கொண்டுவருவது, வார்டனிடம் உனக்காகப் பொய் சொல்வது, பேசப் பிடிக்காதவன் போன் செய்தால் பிடுங்கித் திட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. சட்டம் ஒன்றே ஒன்றுதான்: ஆரம்பித்துவிட்டால் கடைசித் தலை முடிகிறவரை யாரும் கையை எடுக்கக் கூடாது. எப்போதோ ஒருத்தி பாதியில் எழுந்துபோக, அந்த வருஷம் மாடி முழுக்க அரியர் விழுந்ததாம்.

அந்த வருஷத்தின் முதல் வெள்ளிக்கிழமை உச்சிப் படியில் ஜெபக்கனி உட்கார்ந்திருந்தாள், மூன்றாம் வருஷம், கணிதம், போன வருஷம் மாரிக்குத் தலை பின்னியவள். கீழ்ப்படியில் புதிதாகச் சேர்ந்த இசக்கியம்மாள், முதல் வருஷம், தாவரவியல், தேரிக்காட்டுப் பக்கத்து ஊர்க்காரி, முழங்காலைத் தொடுகிற முடியும் அந்த முடி முழுக்கச் சிக்குமாக, மிட்டாய்க் கடையில் காசில்லாமல் நிற்கிற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னலை ஆரம்பிக்க வேண்டிய நேரத்தில், அவளுக்கு மேல்படியில் இருந்த மாரி நியாயத்தை ஆரம்பித்தாள்.

"எக்கா, எல்லாருக்கும் பின்னிவிட ஒரு ஆள் இருக்கு. உச்சியில இருக்க உங்களுக்கு யாரு இருக்கா?"

"எனக்குப் பின்னுனவ போன வருஷம் பரீட்சை எழுதிட்டுப் போயிட்டா. உக்காருட்டி வக்கீலு, இருட்டுது."

"அதெப்படி? வட்டமா உக்காந்தா மேலயும் கிடையாது கீழயும் கிடையாது, எல்லாருக்கும் பின்னால ஒரு ஆள் இருக்கும்லா?"

"படிக்கட்டுல எப்படிட்டி வட்டமா உக்காருவ? மண்டைக்குள்ள என்ன வச்சிருக்க?"

"அப்ப படிக்கட்டுதான் தப்பு."

இப்படியே அது நீண்டு, படிக்கட்டு தப்பா, பூட்டிய கதவு தப்பா, பூட்டியவர்கள் தப்பா என்று போய், ஒருவழியாகச் சீப்பை எடுத்தபோது வெயில் இறங்கியிருந்தது. இசக்கியின் சிக்கைப் பார்த்து மாரி மலைக்க, ஜெபக்கனி மேலே இருந்தபடியே சொல்லிக் கொடுத்தாள்: "நுனியிலேருந்து எடு. இன்னொரு கையால வேர்ப்பக்கத்த இறுக்கிப் பிடிச்சுக்கோ. அப்பதான் இழுக்கிற இழுப்பு தலைக்குப் போவாது, பிடிச்சிருக்கவ கையோட நின்னுரும்." மாரி அப்படியே பிடித்தாள். இசக்கி, "எங்கம்ம எடுத்தா உயிரு போவும், நீங்க எடுக்கது தெரியவே இல்லக்கா," என்றாள். மாரி வாயடைத்துப்போன ஒரே தருணம் அந்த வருஷத்தில் அதுதான் என்று பிறகு மாடியில் பேசிக்கொண்டார்கள்.

கரண்ட் போனது. யாரும் கையை எடுக்கவில்லை, சட்டம் அப்படி. உச்சியிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு தலையாக முடிய முடிய, பின்னல் முடிந்தவள் தன் பின்னலைத் தோளுக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கீழே இருப்பவளின் தலைக்குக் குனிந்தாள், மடியில் விழுந்த தன் முடியையும் கைக்கு வந்த அவள் முடியையும் இருட்டில் விரல்கள் பிரித்துப் பார்க்கவில்லை, மூன்று பிரியாகத் தெரிந்ததை எல்லாம் மூன்று பிரியாகப் பின்னின. கரண்ட் வந்தபோது ரிப்பன் கட்ட நுனி தேடினார்கள். ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒரே நுனி, அது இசக்கியின் முதுகில் கிடந்தது. பின்னலைப் பிரித்தும் பார்த்தார்கள். பிரிந்தது, ஆனால் ஒரே ஒரு முடியை எடுத்து விரலால் தடவிக்கொண்டே போனால் அது மாரியின் தலையில் வேர்விட்டு இசக்கியின் தலையில் வேர்விட்டிருந்தது, அதற்கு மேலே உள்ளது ஜெபக்கனியிலிருந்து அடுத்தவளுக்கு, அவளிலிருந்து அதற்கடுத்தவளுக்கு. திரும்பவும் பின்னி வைத்தார்கள், வேறென்ன செய்வது.

வார்டன் திலகவதி மேடம் மேலே ஏறி வந்து பார்த்தார். "சரி. முதல்ல கீழ போய் அட்டெண்டன்ஸ் குடுங்க, அப்புறம் முடியப் பாப்போம்," என்றார்.

அப்புறம் யாரும் முடியைப் பார்க்கவில்லை, பழகிக்கொண்டார்கள். ஒருத்திக்கும் அடுத்தவளுக்கும் நடுவில் ஒரு கை நீளத்துக்கு இடம் இருந்ததால் வரிசையாக நடக்க முடிந்தது. வாட்ச்மேன் கேட்டின் இரண்டு கதவையும் திறந்து வைக்கக் கற்றுக்கொண்டார், மெஸ் அக்காமார் நீளப் பெஞ்சு ஒன்றை அவர்களுக்கென்று சுவரோரம் இழுத்துப் போட்டார்கள், தூங்குவதற்கு வராந்தாவில் ஒன்பது பாயும் தலைமாட்டைச் சுவர்ப்பக்கம் வைத்து விரிந்தன. வகுப்புக்கு முறை வைத்துக்கொண்டார்கள், காலையில் கணிதம், பிறகு தாவரவியல், மத்தியானம் வரலாறும் வணிகவியலும், அதனால் மாரி டெரிவேட்டிவ் கற்றுக்கொண்டாள், ஜெபக்கனி இலையின் செல்களை வரையக் கற்றுக்கொண்டாள், வரலாற்றுப் பேராசிரியை மட்டும், "எல்லா டிபார்ட்மெண்டும் இங்க வந்து தூங்கினா என் டிபார்ட்மெண்ட் எங்க போய்த் தூங்கும்?" என்று கேட்டார். டவுன் பஸ்ஸில் கண்டக்டருக்குக் குழப்பம் வந்தது, மகளிர் இலவசச் சீட்டை ஒன்று கிழிப்பதா ஒன்பது கிழிப்பதா என்று. மாரி அவரோடு மூன்று நிறுத்தம் வாதாடி ஒன்பது வாங்கினாள், இலவசமாக இருந்தாலும் தலைக்கு ஒன்று தலைக்கு ஒன்றுதான் என்று. ஆடி வெள்ளியில் கோயிலுக்குப் போனபோது ஒரு பெரியம்மா அவர்களை நிறுத்தி ஒவ்வொருத்தியாக எண்ணிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "ஏழு பேரா இருந்திருந்தா கன்னிமாருன்னு கும்பிட்டிருப்பேன். ரெண்டு கூடிப்போச்சே தாயீ," என்றாள்.

முடிக்கு ஒரு குணம் வந்திருந்ததை அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். ஒருத்தியின் முடி கதவிடுக்கில் மாட்டினால் ஒன்பது பேரும் ஆ என்றார்கள். ஒருத்திக்கு எண்ணெய் வைத்தால் ஒன்பது பேருக்கும் கண் சொக்கியது. தாவரவியல் ஆய்வகத்தில் இசக்கி முதன்முதலாக மைக்ராஸ்கோப்பில் வெங்காயத் தோலைப் பார்த்தபோது, செங்கல் அடுக்கினதுபோல அறை அறையாக அது தெரிந்தபோது, அவள் உச்சந்தலை சிலிர்த்தது, பின்னால் ஸ்டூலில் வரிசையாக உட்கார்ந்திருந்த எட்டுப் பேரும் மைக்ராஸ்கோப்பைப் பார்க்காமலே சிலிர்த்தார்கள். "எக்கா, தெனம் நறுக்குத வெங்காயம்க்கா," என்றாள் இசக்கி. "இத்தன நாளும் இவ்வளவும் உள்ள இருந்திருக்கு, ஒருத்தரும் சொல்லலியே." மூன்று வருஷமும் முடித்துவிட்டு எங்காவது ஓர் ஆய்வகத்தில் தனக்கென்று ஒரு ஸ்டூல் வேண்டும் என்று அவள் அன்றைக்குச் சொன்னாள். அவள் கேட்டது அவ்வளவுதான், ஒரு ஸ்டூல்.

ஆனால் அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போதே அவளைக் கொடுத்தாகிவிட்டது. அவள் அத்தையின் புருஷன் செத்த வீட்டில், மார்பில் அடித்துக்கொண்டு அழுத அக்காவைத் தேற்ற இசக்கியின் அப்பா அய்யாத்துரை கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுத்தார், கையில் கிடைத்தது பிள்ளை; "ஒம் மவனுக்குத்தாம்க்கா எம் மவ, அழாத," என்றார், அக்காவும் அழுகையை நிறுத்தினாள். அத்தை மகன் மாடசாமி லோடு ஆட்டோ ஓட்டினான், கெட்டவன் என்று யாரும் சொன்னதில்லை, நல்லவன் என்று சொல்வதற்கு அவன் ஒன்றும் செய்ததுமில்லை. அவன் தங்கச்சி கனகுக்குக் கல்யாணம் முடிந்து அவன் முறை வரும்வரை இசக்கி காலேஜுக்குப் போகட்டும் என்று விட்டிருந்தார்கள். கனகுக்கு ஆவணியில் முடிந்தது.

தீபாவளிக்கு முன்னால் அய்யாத்துரை விடுதிக்கு வந்தார். பார்வையாளர் அறைக்கு ஒன்பது பேரும் வரிசையாக வந்து நின்றதைப் பார்த்தார். மரியாதையான மனிதர், எட்டுப் பேரையும், "நல்லாருக்கீங்களாம்மா," என்று கேட்டார். பிறகு மகளிடம், "பையை எடு, போவோம்," என்றார்.

"நான் வரலப்பா. பரீட்சை இருக்கு."

"பரீட்சை கெடக்கு. தேதி வச்சாச்சு."

"கேக்காம வச்சா எப்படிங்க?" என்றாள் மாரி. "கட்டிக்கிடப் போறது அவ. தேதி உங்களுக்கு வச்சா நீங்க போய் உக்காருங்க."

அய்யாத்துரை மாரியைப் பார்க்கவில்லை. அவர் கைக்கு எட்டியது மகளின் பின்னல், அதைப் பிடித்து இழுத்தார். ஒன்பது பேரும் ஒரே குரலில் அலறினார்கள், அந்தக் குரலில் பார்வையாளர் அறையின் டியூப்லைட் அணைந்து எரிந்தது, மெஸ்ஸில் பால் பொங்கி வழிந்தது, வார்டன் செருப்பில்லாமல் ஓடி வந்தார். அய்யாத்துரை கையை விட்டுவிட்டார். மகள் அலறினால் தாங்கியிருப்பார், தாங்கிப் பழகியவர்தான், ஆனால் ஊரான் வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேர் அலறியது அவருக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது.

"கூட்டிட்டுப் போங்கய்யா," என்றாள் ஜெபக்கனி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா நாங்களும் வருவோம். எங்க முடிய விட்டுட்டு வர முடியாதுல்லா?"

அந்தத் தீபாவளிக்கு ஒன்பது பேரும் தேரிக்காட்டு ஊருக்கு அரசுப் பஸ் ஏறிப் போனார்கள். அய்யாத்துரையின் வீட்டில் இரண்டு அறை, ஒன்பது பேரும் உட்கார்ந்ததும் வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இசக்கியின் அம்மா பெரிய அண்டாவை இரவல் வாங்கிச் சோறு பொங்கினாள். அத்தை வந்தாள், மாடசாமி வந்தான், கனகு வந்தாள், மேடை எப்படிப் போடுவது என்று யோசித்துப் பார்த்தார்கள், எப்படிப் போட்டாலும் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருத்தியும் அவளுக்குப் பின்னால் எட்டுப் பேருமாக மேடை நிரம்பிப் பந்தலுக்குள் வழிந்தது. "நாங்க ஒரு பொண்ணத்தான் கேட்டோம்," என்றாள் அத்தை. "முதல் ராத்திரிக்கு எட்டுப் பாய் தனியா வேணும்," என்றாள் மாரி, பெரியவர்கள் முன்னால், கொஞ்சமும் கூசாமல். மாடசாமி எழுந்து போய் லோடு ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டான். தேதி தள்ளிப்போனது.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர்கள் சத்தமாகப் பாடிக்கொண்டு வந்தார்கள், டிரைவர் ரேடியோவை நிறுத்திவிட்டார், இசக்கி ஜன்னலோரம் உட்கார்ந்து பனைமரங்களை எண்ணினாள், மாரி ஜெபக்கனியைப் பார்த்து, "பாத்தீங்களா, படிக்கட்டுல வட்டம் போட முடியாட்டாலும் கயிறாவது போட்டுட்டோம்," என்றாள். அந்த வருஷத்தின் சந்தோஷம் அந்தப் பஸ்ஸோடு சரி. கோவிலுக்கு நேர்ந்துவிட்டதுபோல ஒன்பது பேர் சேர்ந்து நின்றால் ஒரு கல்யாணம் நிற்கும், ஆனால் ஒன்பது பேரும் நின்றுகொண்டே இருக்க வேண்டும், யார் நிற்க முடியும், அவரவர் வாழ்க்கையும் அங்கேதான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு காத்திருந்தது.

முதலில் வெட்டிக்கொண்டவள் கௌசல்யா, மூன்றாம் வருஷம், வணிகவியல். கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த கம்பெனியில் கதவுக்கு வெளியே நின்றவர், "ஒருத்தர் ஒருத்தரா வாங்க," என்றார். கௌசல்யா மெஸ்ஸுக்குப் போய், பால் பாக்கெட் வெட்டுகிற கத்தரிக்கோலை வாங்கினாள். வலிக்கவில்லை, மற்ற எட்டுப் பேரின் தலையிலும் ஈரத்துணியை எடுத்ததுபோல ஒரு குளிர் படர்ந்து அடங்கியது, வெட்டுப்பட்ட முனைகள் தாமாக ஒன்றையொன்று தேடிப் போய் ஒட்டிக்கொண்டன, வரிசை ஒரு ஆள் குறைந்து திரும்பவும் முழுசானது. கௌசல்யாவுக்கு மட்டும் அதன் பிறகு அவர்களுடைய எதுவும் தெரியவில்லை. "எண்ணெய் வச்சா சொல்லுங்கட்டி, நானும் கண்ண மூடிக்கிடுதேன்," என்று சிரித்தாள், அப்புறம் சிரிக்கவில்லை.

பிறகு கத்தரிக்கோல் மெஸ்ஸுக்குத் திரும்பிப் போகவே இல்லை. களப்பயணத்துக்குப் பஸ்ஸில் இடமில்லை என்று ஒருத்தி. பொங்கலுக்கு ஊருக்குப் போய், தூங்கும்போது அம்மா வெட்டிவிட்டாள் என்று இரண்டு பேர், வெட்டும்போது நீ விழித்திருந்தாயா என்று மாரி கேட்டதற்கு அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த கரும்பை எடுத்து நீட்டினார்கள். அண்ணன் கல்யாணத்தில் போட்டோ எடுக்க வேண்டும் என்று ஒருத்தி. ஒரு பையனோடு சினிமாவுக்குப் போக ஆசைப்பட்டவளும் ஒருத்தி, அவள் ஒருத்திதான் பொய்க் காரணம் சொல்லாமல் வெட்டிக்கொண்டவள், அவளோடு மட்டும் மாரியால் சண்டை போட முடியவில்லை. எல்லாக் காரணமும் நல்ல காரணமாக இருந்தது. கெட்ட காரணம் ஒன்று கிடைத்திருந்தால் மாரி அதை வெளுத்து வாங்கியிருப்பாள், நல்ல காரணங்களோடு எப்படி மல்லுக்கு நிற்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஊரும் இதற்கும் பழகிக்கொண்டது, வாட்ச்மேன் கேட்டின் ஒரு கதவைச் சாத்தினார், மெஸ்ஸில் நீளப் பெஞ்சு எடுபட்டு ஸ்டூல்கள் வந்தன, பஸ் கண்டக்டர் மூன்று சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "மத்தவங்கள எங்கம்மா?" என்று கேட்டார்.

மிச்சமிருந்த மூன்று பேரில் அடுத்தவள் ஜெபக்கனி. பங்குனியில் செமஸ்டர் அட்டவணை வந்தது, இந்த முறை தேர்வறையில் பதிவெண்படிதான் உட்கார வேண்டும், ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால் காப்பியடித்ததாகக் கணக்கு என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, படிக்கட்டில் மூன்றே பேர். ஜெபக்கனி மாரிக்குத் தலை பின்னி முடித்துவிட்டு, எழுந்திருக்காமல், கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"நீங்களுமாக்கா," என்றாள் மாரி.

"எனக்குப் பின்னால ரெண்டு தங்கச்சி இருக்காளுவ மாரி. நான் பெயிலானா, மூத்தவ படிச்சு என்னத்தக் கிழிச்சான்னு அவளுவளையும் நிறுத்திருவாங்க. இவளக் காப்பாத்தணும்னா அவளுவ ரெண்டு பேரும் போவணும். நீயே நியாயம் சொல்லு."

"ஏன் நமக்குள்ளயே கணக்குப் பாக்கணும்? அவங்க ஒருத்தரும் எதையும் வெட்ட வேண்டாம், நாமதான் வெட்டணுமா?"

"அவங்ககிட்ட கத்தரிக்கோலு எதுக்குட்டி? நம்ம கையில இருக்கே."

இசக்கி கீழ்ப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "வெட்டிக்கோங்கக்கா. குளிராது, நான் துண்டு கெட்டிக்கிடுதேன்."

ஜெபக்கனி வெட்டினாள். தானே பின்னிய பின்னலில், பின்னி முடித்த கையின் சூடு ஆறுவதற்குள். பிறகு இருவரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள், அவள் எல்லாத் தாளிலும் தேறினாள், மாரி அவளோடு பிறகு பேசவில்லை, அவள் மேல் கோபம் இல்லை என்று சொல்வதற்குக்கூட.

அரியர் விழுந்தால் விழட்டும் என்று மாரியும் இசக்கியும் ஒட்டியபடி வெளியே உட்கார்ந்துவிட்ட பரீட்சை முடிந்து, விடுதி பூட்டுவதற்கு முந்தின நாள் அய்யாத்துரை திரும்பவும் வந்தார், இந்த முறை இசக்கியின் அம்மாவையும் கூட்டிக்கொண்டு. மாரி எல்லோரையும் இழுத்துக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போனாள், கேட்கவேண்டிய இடத்தில் கேட்போம் என்று. பிரின்சிபால் நல்லவர், பெண்கள் முன்னேற்றத்தைப் பற்றி ஆண்டு விழாவில் பேசுகிறவர். பிறந்த தேதியைப் பார்த்தார். "பதினெட்டு முடிஞ்சு பல மாசமாச்சு. மேஜர். அவளே வேண்டாம்னு வாயத் திறந்து சொன்னா நான் யாருக்கு வேணும்னாலும் போன் போடுறேன்," என்றார். பிறகு இசக்கியிடம் திரும்பினார். "உனக்குச் சம்மதம்தானேம்மா?"

இசக்கி தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள், இரண்டு நாளாகச் சாப்பிடாத முகம், மகள் வேண்டாம் என்றால் வீட்டுக்குப் போய் யார் அடிவாங்குவது என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது. இசக்கி மெதுவாகத் தலையை ஆட்டினாள். முடி இழுபட்டதில் மாரியின் தலையும் கூடவே ஆடியது.

"பாருங்க," என்றார் பிரின்சிபால், மாரியைக் காட்டி, நிம்மதியாக. "அவ சிநேகிதியே ஒத்துக்கிட்டா."

"நான் ஆட்டல மேடம்! சம்மதம்னா வாயத் திறந்து சொல்லணும்லா? வேண்டாம்னு சொல்ல மட்டும் வாய் வேணும், சம்மதத்துக்கு மண்டை போதுமா?" என்று மாரி கத்தினாள். கத்தக் கத்த அவள் தலை அசைந்தது, அசைந்ததில் இசக்கியின் தலை இன்னும் இரண்டு முறை ஆடியது.

கல்யாணம் வைகாசியில், முடி விடாததால் மாரியும் அதுவரை இசக்கியின் வீட்டிலேயே இருந்தாள். மாரியின் வீட்டிலிருந்து கத்தரிக்கோலோடு அங்கே ஓர் ஆளை அனுப்பினார்கள், மாரி கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள், ஆள் திரும்பிப் போனார். அவள் நினைத்தது எளிய கணக்கு, தான் ஒருத்தி வெட்டாமல் இருந்தால் வரிசை இருக்கிறது, வரிசை இருந்தால் கல்யாணம் நிற்கும். ஆனால் ஒன்பது பேர் வழிந்த மேடையில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம் என்பது பந்தல்காரருக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. "தோழிப் பொண்ணா இருந்துட்டுப் போறா," என்றாள் அத்தை, மாரிக்கும் ஒரு பட்டுச்சேலை எடுத்து வைத்திருந்தாள், மரியாதைக்குக் குறைவில்லை. மாரியின் தலையில் பூ வைத்தார்கள், கையில் சந்தனம் பூசினார்கள், மணப்பெண்ணுக்குப் பின்னால் ஒரு பலகை போட்டு உட்கார வைத்தார்கள். அவள் மேடையில் ஏறியதும் தான் தயாரித்து வந்திருந்ததை எல்லாம் பேசினாள், வயதைப் பேசினாள், படிப்பைப் பேசினாள், வெங்காயத் தோலைப் பேசினாள், ஸ்டூலைப் பேசினாள், நாதஸ்வரக்காரர் அவள் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு ஏதோ வாழ்த்துரை என்று நினைத்துக் கொஞ்சம் மெதுவாக வாசித்தார். வீடியோக்காரர், "அக்கா, கொஞ்சம் சிரிங்க," என்றார்.

கெட்டிமேளம் என்றார்கள். மாடசாமி தாலியைக் கொண்டுவந்தான், கட்டலாமா என்பதுபோல அம்மாவைப் பார்த்தான், அவனைக்கூட யாரும் கேட்டிருக்கவில்லை என்பது மாரிக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது, தெரிந்து ஒன்றும் ஆகவில்லை. முதல் முடிச்சுப் போட்டான். மிச்ச இரண்டும் போட வேண்டிய கனகு பின்னால் வந்து குனிந்தாள், மலர்மாலையும் சடைநாகமும் ஒன்பது பேரின் வருஷத்தைத் தாங்கிய அந்தப் பின்னலும் கழுத்தை மூடிக்கிடந்ததில் அவளுக்கு இடம் தெரியவில்லை. எல்லோரும் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். முடிச்சு தெரியாமல் கனகு தடவிய தடவலில் இசக்கியின் பிடரி முடி நூலோடு மாட்டி இழுபட்டது, மாரியின் தலையில் சுரீர் என்றது, இசக்கி வாய்க்குள் முனகினாள்.

"மைனிக்கு வலிக்குதுல்லா, அந்த முடியக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்களேன்," என்றாள் கனகு மாரியிடம்.

மாரியின் கை போனது. யோசிக்கவில்லை, வலித்தது, அதனால் போனது. வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமைதோறும் போன கை, வேர்ப்பக்கத்தை இறுக்கிப் பிடித்தது, பின்னலை அப்படியே உயரத் தூக்கியது. இசக்கியின் வெறும் கழுத்து தெரிந்தது. கனகு இரண்டாவது முடிச்சையும் மூன்றாவது முடிச்சையும் வசதியாகப் போட்டாள்.

அட்சதை விழுந்தபோது முடி விட்டுப்போனது. யாரும் வெட்டவில்லை, மாரியின் கையில் இருந்த பின்னல் சாதாரணப் பின்னலைப்போல நுனிகளோடு தளர்ந்து இரண்டாகப் பிரிந்து, ஆளுக்கொன்றாக அவரவர் முதுகில் விழுந்தது. "பாருங்க, தன்னால விட்டுட்டு," என்றாள் அத்தை. "நல்ல சகுனம்." இசக்கி திரும்பி மாரியைப் பார்த்தாள். "நீங்க பிடிச்சதுல வலியே தெரியலக்கா," என்றாள்.

ஜூன் மாதம் மாரி மூன்றாம் வருஷத்துக்குத் திரும்பினாள். அவரவர் தலையை அவரவரே பின்னிக்கொள்ள வேண்டும் என்று வார்டன் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை புதுப் பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் தலைசீவினார்கள். மாரி உச்சிப் படியில் உட்கார்ந்திருந்தாள், பூட்டிய கதவில் முதுகை வைத்து, பேச ஒரு நியாயமும் மிச்சமில்லாமல். தாவரவியல் வருகைப்பதிவில் இசக்கியம்மாள் என்ற பேரைச் சிவப்புக் கோடு போட்டு அடித்திருந்தார்கள். போன் செய்தால் மாடசாமி எடுத்து, "வேலையா இருக்கா," என்றான்.

முடிதான் விட்டுப்போயிருந்தது. ஒரு மத்தியானம் மெஸ்ஸில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது மாரியின் தலை பின்னுக்கு வெடுக்கென்று இழுபட்டது, பின்னால் யாருமில்லை. தம்ளர் உருண்டது. பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள், அவர்களில் வரிசையில் இருந்தவர்களும் உண்டு, கூந்தல் தோள் வரைக்கும் வளர்ந்திருந்தது, அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அடிக்கடி வந்தது, நூலகத்தில், வகுப்பில், பஸ்ஸில், நேரம் காலம் கிடையாது, எத்தனையோ மைலுக்கு அப்பால் ஒரு கை ஒரு பின்னலைப் பிடித்து இழுக்கிற இழுப்பு. மாரி போலீஸுக்குப் புகார் எழுதினாள், உங்கள் தலை வலிப்பதற்கு அவர்கள் வீட்டில் என்ன விசாரிப்பது என்று கேட்டார்கள், நியாயமான கேள்வி என்று எல்லோரும் சொன்னார்கள்.

இப்போது இழுப்பு வந்ததும் அவள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறாள், பேனாவோ கவளமோ எதுவானாலும். இரண்டு கையாலும் தன் முடியை வேர்ப்பக்கத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அங்கே இழுத்து முடிகிறவரைக்கும் விடாமல் இருக்கிறாள். புதுப் பிள்ளைகள் முதலில் பயந்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள், இப்போது அவள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுத் தங்கள் பாட்டுக்குச் சாப்பிடுகிறார்கள்.